எந்தக் கல்லிலிருந்து அளந்தார்?

சித்தப்பாவின் வரப்பு வழக்கு எங்கள் குடும்பத்தில் பதினோரு வருஷம் நடந்தது. பாபநாசம் பக்கம் ஒரு சின்ன வயல். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி உள்ளே தள்ளி வைத்துவிட்டார் என்பது இவர் வாதம். "வரப்பு எங்கப்பா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு" என்பது அவர் வாதம். முன்சீஃப் கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்தது. அவர் தாலுகா சர்வேயரை அழைத்துக்கொண்டு ஒரு சித்திரை மாத மதியம் வந்தார். கமிஷனர் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சர்வேயர்தான் வெயிலில் சங்கிலியைப் பிடித்து நடந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துப் பென்சிலால் எண்களைக் குறித்துக்கொண்டே போனார். சித்தப்பா கூடவே நடந்தார், ஆனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஒன்றரைப் பக்கம், ஒரு வரைபடம், கடைசியில் தீர்ப்பு மாதிரி ஒரே வரி: வரப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது. புல அளவைப் புத்தகத்துக்கும் தரைக்கும் மூன்று லிங்க் வித்தியாசம் இருப்பதாகச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று லிங்க் என்றால் கிட்டத்தட்ட இரண்டு அடி. நூறு மீட்டர் நீள வரப்பில் இரண்டு அடி என்பது விட்டுக்கொடுக்கக்கூடிய சமாச்சாரமில்லை.

"அவரு எந்தக் கல்லுலேர்ந்து அளந்தாருன்னு கேளுங்க வக்கீல் சார்" என்றார் சித்தப்பா. கேள்வி நியாயமானதுதான். அந்தப் பகுதியில் பழைய அளவுக்கல் ஒன்று இருந்தது, யாரோ பிடுங்கி மறுபடி நட்ட கல் ஒன்றும் இருந்தது. எதைப் பிடித்துக்கொண்டு சங்கிலி போட்டாரோ அதைப் பொறுத்து வரப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். அறிக்கையில் அது இல்லை. அந்தக் குட்டி நோட்டில் இருந்திருக்கும். வக்கீல் மனு போட்டபோது சர்வேயர் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நோட்டு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு தோற்றது. சித்தப்பா சாகும்வரை அந்தத் தீர்ப்பைக் குறை சொன்னதில்லை. நோட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பாடு படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. சட்டம் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்துத்தான் இருக்கிறது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-ம் ஆணை, 10-ம் விதியின்படி, கமிஷனரின் அறிக்கை வழக்கின் சாட்சியமாகும். கோர்ட் அனுமதியோடு கட்சிக்காரர் கமிஷனரைக் கூண்டிலேற்றி விசாரிக்கலாம். அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமல்ல, ஆய்வை அவர் எந்த விதத்தில் செய்தார் என்பதையும் கேட்கலாம். எங்கள் வக்கீல் அதைத் தாமதமாகக் கேட்டார், அவ்வளவுதான்.

அதே சட்டப் புத்தகத்தில் இன்னொரு பிரிவு கண்ணில் பட்டது. 140-ம் பிரிவு. கப்பல்கள் மோதிக்கொண்ட வழக்கிலோ, கடலில் மூழ்கவிருந்த கப்பலை மீட்டதற்குக் கூலி கேட்கும் வழக்கிலோ, கோர்ட் தகுதியுள்ள இரண்டு அசெசர்களை உதவிக்கு அழைக்கலாம். ஒரு தரப்பு கேட்டால் அழைத்தே ஆகவேண்டும். அவர்கள் வந்திருந்து உதவ வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பிரிவு. மிச்சமிருப்பது கூலி பற்றிய ஒரு வரி. அந்த உதவி எப்படிப்பட்டது, என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், கட்சிக்காரர்களுக்கு அது தெரியுமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரே சட்டம், வயல் வரப்பை அளந்தவரைக் குறுக்குவிசாரணை செய்யலாம், கப்பலைப் பற்றி நீதிபதியின் காதில் சொன்னவரைத் தொட முடியாது. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அசெசர் என்றதும் பழைய தலைமுறைக்கு செஷன்ஸ் கோர்ட் நினைவு வரலாம். கொலை வழக்குகளில் ஊர்ப் பெரிய மனிதர்களை உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் 1955 வரை இருந்தது. அது வேறு வகை. நான் சொல்வது ஒரு துறையின் நுட்பம் தெரிந்தவர், நீதிபதியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருக்குப் புரியாததைப் புரியவைக்கிறவர். சாட்சி இல்லை. சத்தியப்பிரமாணம் கிடையாது. நீதிபதியும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் பிறந்த ஊர் லண்டன். 1514-ல் எட்டாம் ஹென்றி டெட்ஃபோர்டு மாலுமிகளின் சங்கத்துக்கு ஒரு சாசனம் கொடுத்தார். அதுதான் டிரினிட்டி ஹவுஸ். கலங்கரை விளக்கங்களும், துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டுகளும் நாளடைவில் அதன் பொறுப்பில் வந்தன. நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் இரண்டு முறை அதன் தலைவராக இருந்திருக்கிறார். அதன் மேல்மட்ட உறுப்பினர்களுக்கு 'மூத்த சகோதரர்கள்' என்று பெயர். கடலில் வருஷக்கணக்கில் கிடந்த கேப்டன்கள். கடல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி கோர்ட் இவர்களைத்தான் துணைக்கு அழைத்தது.

ஏன் அழைக்கவேண்டும்? அந்தக் கோர்ட்டில் ஜூரி கிடையாது. நீதிபதி ரோமன் சட்டம் படித்த முனைவர். பாய்மரக் கப்பல் காற்றுக்கு எதிரே திரும்ப எத்தனை நேரம் எடுக்கும், இருட்டில் எதிரே வரும் கப்பலின் விளக்கைப் பார்த்ததும் சுக்கானை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு தரப்பு மாலுமிகளும் தங்கள் கப்பலின் மேல் தவறே இல்லை என்று ஒரே குரலில் சத்தியம் செய்வார்கள். அதை நம்பி என்ன செய்வது?

1838-லிருந்து 1867 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஸ்டீபன் லஷிங்டன். கோர்ட் நடந்தது செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற இடத்தில். சார்லஸ் டிக்கன்ஸ் இளவயதில் அங்கே சுருக்கெழுத்து நிருபராக இருந்து, பிற்பாடு டேவிட் காப்பர்ஃபீல்டை அங்கேயே வேலைக்கு அனுப்பி அந்த இடத்தைக் கேலி செய்து தீர்த்திருக்கிறார். ஆனால் லஷிங்டனின் தீர்ப்பு அறிக்கைகளைப் படித்தால் டிக்கன்ஸ் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவை கட்சிக்காரர்களைப் பார்த்துப் பேசுவதில்லை. "கனவான்களே" என்று ஆரம்பிக்கின்றன. பேச்சு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு டிரினிட்டி கேப்டன்களிடம். காற்று இந்தத் திசை, நேரம் இன்னது, இந்தச் சாட்சி இப்படிச் சொல்கிறார், அந்தச் சாட்சி அப்படிச் சொல்கிறார், நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியது இதுதான் என்று எல்லோர் முன்னாலும் கேள்வியை வைப்பார். கேப்டன்கள் எழுந்து உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். இந்தக் கப்பல் மேல் தவறு, அல்லது இரண்டின் மேலும் தவறு என்று அபிப்பிராயம் வரும். லஷிங்டன் பெரும்பாலும் அதையே தீர்ப்பாக்குவார்.

இதில் குறை இல்லாமலில்லை. இரண்டு நீராவிக் கப்பல்கள் எதிரெதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்ற விதியை 1840-ல் வகுத்ததே டிரினிட்டி ஹவுஸ்தான். விதியை எழுதினவர்களின் சகாக்களே விதி மீறப்பட்டதா என்றும் சொன்னார்கள். கேப்டன்கள் உள்ளே போய் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கேள்வி வெளியே இருந்தது. அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைத் தோற்றவர் தன் காதால் கேட்டார். எங்கள் சித்தப்பாவுக்குக் கிடைக்காத விஷயம் அது.

1873-ம் வருஷத்து நீதித்துறைச் சீர்திருத்தச் சட்டம் வந்தபின் அட்மிரால்டி கோர்ட் தனிக் கோர்ட்டாக இல்லாமல் உயர்நீதிமன்றத்தின் ஒரு பிரிவாகிவிட்டது. உயில், விவாகரத்து, கப்பல் மூன்றையும் ஒரே பிரிவில் போட்டார்கள். உயில், மனைவி, உடைந்த கப்பல் என்று வக்கீல்கள் அதைக் கிண்டல் செய்வார்களாம். இந்தப் புது ஏற்பாட்டில் நீதிபதிகள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். முடிவு நீதிபதியுடையது, அசெசர் ஆலோசனை மட்டுமே சொல்கிறவர். 1884-ல் பெரில் என்ற கப்பலின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. நியாயமான நிலைப்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு இருந்ததாகத் தோன்றுகிறது. அசெசர் ஒரு குட்டி ஜூரியாக இருந்தவரை அவருக்குச் சபையில் வைத்துச் சொல்லவேண்டியிருந்தது. வெறும் ஆலோசகர் என்று ஆனபின் அந்த அவசியம் போய்விட்டது. நீதிபதி தன் அறையில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டதும் பதிலும் தீர்ப்பில் ஒரு வரியாக வரும்: மூத்த சகோதரர்களிடம் கேட்டேன், இப்படிச் சொன்னார்கள். தீர்ப்பு வாசிக்கப்படும்போதுதான் அந்த வரியைக் கட்சிக்காரர் முதல்முறையாகக் கேட்பார். அப்போது எழுந்து நின்று பேச முடியாது.

இதோடு இன்னொரு வழக்கமும் இறுகிப்போயிருந்தது. கடல் அசெசர்கள் உட்கார்ந்திருக்கும் வழக்கில், கப்பல் ஓட்டும் கலையைப் பற்றி இரு தரப்பும் தங்கள் சொந்த நிபுணரைக் கொண்டுவர முடியாது. அதற்குத்தான் பக்கத்தில் ஆள் இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்பது காரணம். செலவு மிச்சம் என்பது உண்மைதான், இரண்டு பக்கமும் கூலிக்குப் பேசும் நிபுணர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அறையில் நுட்பம் தெரிந்த குரல் ஒன்றே ஒன்றுதான், அது கட்சிக்காரர் காதில் விழாத குரல்.

இது எவ்வளவு பெரிய விஷயங்களில் நடந்தது என்பதற்கு ஒரு உதாரணம். 1942 அக்டோபர் 2. குவீன் மேரி என்ற பிரம்மாண்டமான பயணிக் கப்பல், போருக்காகத் துருப்புக் கப்பலாக மாற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்களோடு அயர்லாந்துக்கு வடக்கே வந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிகளுக்குப் பயந்து கோணல்மாணலாக, மணிக்கு 28 கடல் மைலுக்கும் மேலான வேகத்தில். விமானத் தாக்குதலிலிருந்து அதைக் காக்க வந்தது குராசோ என்ற பழைய போர்க்கப்பல். அது நேர்கோட்டில் போனது, வேகமும் கொஞ்சம் குறைவு. மற்றவர் ஒதுங்குவார் என்று ஒவ்வொரு கப்பலும் நினைத்துக்கொண்டது. குவீன் மேரி குராசோவை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. நிற்கக்கூடாது என்ற உத்தரவு இருந்ததால் நிற்காமலே போனது. முந்நூறுக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். போர் முடியும்வரை செய்தியே வெளியில் வரவில்லை.

கடற்படை குவீன் மேரியின் சொந்தக்காரர்களான குனார்டு கம்பெனி மீது வழக்குப் போட்டது. 1947-ல் முதல் நீதிபதி தவறு முழுக்கப் போர்க்கப்பலின் மேல்தான் என்றார். மேல்முறையீட்டில் அது மாறி, மூன்றில் இரண்டு பங்கு கடற்படை மேல், ஒரு பங்கு குவீன் மேரி மேல் என்றானது. 1949-ல் பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது. இந்தப் பங்கு வெறும் கௌரவப் பிரச்சனை இல்லை. செத்தவர்களின் குடும்பங்கள் குனார்டிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா என்பதே குவீன் மேரி மேல் கொஞ்சமாவது தவறு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த மாதிரி வழக்குகளில் ஒவ்வொரு படியிலும் நீதிபதிகளுக்குப் பக்கத்தில் வேறு வேறு மாலுமிகள் உட்காருவது அந்தக் கோர்ட்டுகளின் வழக்கம். ஒரே மோதல், வெவ்வேறு படிகளில் வெவ்வேறு பங்கீடு. சட்டத்தைப் பற்றிய பார்வை மாறியதால் பங்கு மாறுகிறதா, கடலைப் பற்றிய ஆலோசனை மாறியதால் மாறுகிறதா என்பதை வெளியே நிற்பவர் தீர்ப்பில் வரும் ஓரிரு வரிகளை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும்.

பிரபுக்கள் சபைக்கே இது உறுத்தத்தான் செய்தது. 1927-ல் ஆஸ்திரேலியா, நாட்டிலஸ் என்ற இரண்டு கப்பல்களின் வழக்கில், கீழ்க் கோர்ட் அசெசர்களும் மேல் கோர்ட் அசெசர்களும் வேறு வேறாகச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வியை லார்டு சம்னர் விரிவாக எடுத்துப் பேசினார். அசெசர் சொல்வது வேதவாக்கு அல்ல, நீதிபதிக்குக் கிடைக்கும் ஒரு தகவல் அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. 1944-ல் ஒரு தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்கு வந்தது. அங்கே அசெசர் ஒரு மருத்துவர். லார்டு சைமன் இன்னும் கடுமையாகச் சொன்னார்: நீதிபதியின் தனி நம்பிக்கைக்கு உரிய, சத்தியம் செய்யாத, குறுக்குவிசாரணைக்கு ஆட்படாத சாட்சி மாதிரி அசெசரை நடத்துவது தவறு, சாட்சியத்தைப் புரிந்துகொள்ள மட்டுமே அவரைப் பயன்படுத்தவேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொன்னபிறகும் கடல் வழக்குகளில் கதவு இன்னும் அறுபது வருஷம் சாத்தியேதான் இருந்தது. வழக்கம் என்பது அப்படித்தான் போல.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கதை வேறு வேஷத்தில் நடந்தது. செருப்புத் தைக்கும் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டுச் சந்தையைக் கையில் வைத்திருந்த யுனைடெட் ஷூ மெஷினரி கம்பெனி மீது அமெரிக்க அரசு ஏகபோக வழக்குப் போட்டது. மாசசூசெட்ஸில் வழக்கை விசாரித்த நீதிபதி சார்லஸ் வைசான்ஸ்கி, பொருளாதாரம் தனக்குப் போதாது என்று 1950-ல் கார்ல் கேசன் என்ற இளம் பொருளாதார அறிஞரை 'லா கிளார்க்' பதவியில் சேர்த்துக்கொண்டார். கிளார்க் என்பதால் அவர் எழுதிக்கொடுத்த குறிப்பு நீதிபதியின் மேஜை இழுப்பறைக் காகிதம். 1953-ல் தீர்ப்பு வந்தது, கம்பெனி தோற்றது. 1956-ல் அந்தக் குறிப்பு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகமாக வந்தது. புத்தகம் நல்ல புத்தகம், இன்றும் அத்துறையில் மதிப்பிருக்கிறது. தன் வழக்கைப் பற்றி நீதிபதிக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைத் தோற்றவர் காசு கொடுத்துக் கடையில் வாங்கிப் படிக்க முடிந்தது என்பதை நினைத்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

கதவு திறந்தது கப்பலால் இல்லை, ஒரு கட்டை விரலால். கிழக்கு பிரான்சில் நான்சி என்ற நகரம். 1981 ஜனவரியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இடது கட்டை விரலில் நகச்சுத்தி என்று மருத்துவமனைக்குப் போனாள். அது சரியாகாமல் அறுவை மேல் அறுவையாகப் போனது, ஒவ்வொன்றுக்கும் மயக்கமருந்து. மஞ்சள்காமாலை வந்தது. அடுத்த வருஷம் இறந்துபோனாள். ஹாலோத்தேன் என்ற மயக்கமருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததுதான் ஈரலைக் கெடுத்தது என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நிர்வாக நீதிமன்றம் ஒரு மருத்துவ நிபுணரை நியமித்தது. அவர் மருத்துவமனைக்குப் போய், அவளுக்கு அறுவை செய்தவரையும் மயக்கமருந்து கொடுத்தவரையும் விசாரித்தார். ஆவணங்களைப் புரட்டினார். பெற்றோருக்கு விசாரணைத் தேதி தெரிவிக்கப்படவில்லை, அவர் பார்த்த காகிதங்களும் காட்டப்படவில்லை. அறிக்கை வந்தது, மருத்துவமனை மேல் தவறில்லை என்று. பெற்றோர் வேறு நிபுணர் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அறிக்கை கையில் இருக்கிறதே, அதைக் கோர்ட்டில் மறுத்துப் பேசுங்கள் என்பதுதான் பிரான்ஸ் அரசின் பதில்.

1997 மார்ச் 18-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது நியாயமான விசாரணை இல்லை என்றது. அதன் வாதம் எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நிபுணரிடம் கேட்கப்பட்ட கேள்வியும் கோர்ட் தீர்க்கவேண்டிய கேள்வியும் ஒன்றேதான். அது நீதிபதிகளுக்குத் தெரியாத துறை. ஆகவே கோர்ட் சட்டப்படி அறிக்கைக்குக் கட்டுப்படாவிட்டாலும் நடைமுறையில் அதுதான் ஜெயிக்கும். அறிக்கை முடிந்தபிறகு பேசவிடுவதில் பயன் இல்லை, எழுதப்படும்முன்பே பெற்றோருக்குக் குரல் இருந்திருக்கவேண்டும். அப்படிக் கொடுப்பதில் கஷ்டமும் ஏதுமில்லை, நிபுணர் செய்தது நாலு பேரைக் கேட்டதும் காகிதம் பார்த்ததும்தானே. அறிக்கையைப் பார்ப்பது ஒன்று, அறிக்கை எதிலிருந்து வந்தது என்பதைப் பார்ப்பது வேறொன்று என்பதை ஒரு பெரிய கோர்ட் சொன்னதில் நான் படித்த முதல் தீர்ப்பு இது. சித்தப்பாவின் நோட்டு அங்கே இருந்தது.

இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் புது சிவில் நடைமுறை விதிகள் வந்தன. வழக்கு விசாரணை ஆரம்பிக்கும்முன் அசெசர் கோர்ட்டுக்கு ஏதாவது அறிக்கை எழுதிக்கொடுத்தால், அதன் நகலை ஒவ்வொரு தரப்புக்கும் கோர்ட் அனுப்பவேண்டும், அவர்கள் அதை விசாரணையில் பயன்படுத்தலாம் என்று 35-ம் பகுதியில் எழுதினார்கள். அதே மூச்சில், அசெசர் கூண்டில் ஏறமாட்டார், அவரைக் குறுக்குவிசாரணை செய்ய முடியாது என்றும் எழுதினார்கள். பாதிக் கதவு. எழுதினால்தானே கொடுக்கவேண்டும்? கடல் வழக்குகளில் அசெசர் அறிக்கை எழுதுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்கிறார்.

மிச்சப் பாதியைத் திறந்தது 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த போ ஸ்பிரிங், மன்சனிலோ II என்ற கப்பல்களின் வழக்கு. தீர்ப்பை எழுதியவர் ஆன்டனி கிளார்க், அவரே முன்பு அட்மிரால்டி நீதிபதியாக இருந்தவர். அதாவது அந்த மூடிய அறைக்குள் பல வருஷம் உட்கார்ந்து மாலுமிகளிடம் கேட்டு வாங்கியவர். நியாயமான விசாரணை என்பதற்கு ஸ்ட்ராஸ்பர்க் கொடுத்திருந்த அர்த்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் பழைய வழக்கத்தை மாற்றினார். அசெசர்களிடம் என்னென்ன கேட்கலாம் என்பதை நீதிபதி முதலில் இரு தரப்பு வக்கீல்களோடும் பேசவேண்டும். கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தீர்ப்புக்கு முன்பே வக்கீல்களுக்குக் காட்டவேண்டும். அந்தப் பதிலை ஏற்கக்கூடாது என்று வாதிட அவர்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும்.

லஷிங்டன் சபையில் சத்தமாகக் கேட்ட கேள்வி மறுபடி சபைக்கு வர நூற்று முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அடுத்த வருஷமே இந்த முறையை அட்மிரால்டி கோர்ட் நடைமுறைப்படுத்தியது, வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றில் 2000-ல் மோதி மூழ்கிய குளோபல் மரினர் கப்பலின் வழக்கில். மாலுமிகளின் உரிமைகளுக்காக உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று பிரச்சாரத்துக்காக ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்த கப்பல் அது.

இது சரியான ஏற்பாடுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வி, பதில், பதிலுக்கு மறுப்பு, மறுப்புக்கு அசெசரின் விளக்கம் என்று போனால் வழக்கு நீளும். தன் ஒவ்வொரு யோசனையும் நாளைக்கு வக்கீல் மேஜைக்குப் போகும் என்று தெரிந்தால் நிபுணர் மனம்விட்டுப் பேசமாட்டார். பென்சில் குறிப்பு என்பது யோசிக்கும் இடம், அங்கே தப்பும் இருக்கும், அடித்தலும் இருக்கும். எனக்கும் இதில் தயக்கம் உண்டு. என் குறிப்பு நோட்டை யாராவது கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். ஆனால் என் நோட்டை வைத்து யாரும் வயலை இழப்பதில்லை.

இனி நம் ஊர். 2017-ல் இந்தியா தனக்கென்று ஒரு அட்மிரால்டி சட்டம் இயற்றியது. அசெசர்களின் பட்டியலை மத்திய அரசு வெளியிடவேண்டும் என்கிறது 13-ம் பிரிவு. அசெசர் இருப்பதால் கட்சிக்காரர் தன் நிபுணரை விசாரிப்பதற்குத் தடை இல்லை என்றும் சொல்கிறது. பழைய இங்கிலாந்துப் பூட்டில் ஒன்று கழன்றது. ஆனால் அசெசரிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைக் காட்டவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டம் 1956-ல் வந்தது. அதன் 4-ம் பிரிவிலும் நடுவர் மன்றம் தனக்கு ஆலோசனை சொல்ல இரண்டோ அதற்கு மேலோ அசெசர்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி உண்டு. கப்பலுக்கு எழுதின வரியை ஆற்றுக்கும் எழுதியிருக்கிறார்கள். காவிரி நடுவர் மன்றம் 1990-லிருந்து 2007 வரை நடந்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். நீர்க்கணக்கு என்பது எந்த அளவுக்கல்லில் ஆரம்பிக்கிறோம் என்பதையே முழுக்க நம்பியிருக்கும் கணக்கு.

முல்லைப் பெரியாறில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி செய்தது. 2010-ல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைத்த குழுவில் தமிழ்நாட்டின் சார்பில் ஒருவர், கேரளத்தின் சார்பில் ஒருவர், இருவருமே ஓய்வுபெற்ற நீதிபதிகள். அளக்கும்போதே இரண்டு தரப்பின் கண்ணும் கூட இருந்தது. சித்தப்பாவும் கூடவே நடந்தார்தான், ஆனால் அவருக்குச் சங்கிலி பார்க்கத் தெரியாது.

பெகாசஸ் விஷயத்தில் எதிர்ப்பக்கம் போனது. பத்திரிகையாளர்கள் உள்ளிட்டோரின் கைபேசிகளில் உளவு மென்பொருள் புகுந்ததா என்று பார்க்க 2021 அக்டோபர் 27-ல் உச்ச நீதிமன்றம் மூன்று தொழில்நுட்ப நிபுணர்களை நியமித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரனை மேற்பார்வைக்கு வைத்தது. அறிக்கை சீலிட்ட உறையில் வந்தது. 2022 ஆகஸ்ட் 25-ல் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது இதுதான்: ஆய்வுக்கு வந்த 29 கைபேசிகளில் 5-ல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கைபேசியைக் கொடுத்தவர்கள் முழு அறிக்கையைக் கேட்டார்கள். உறை மறுபடி ஒட்டப்பட்டது. எந்தச் சோதனையை வைத்து உறுதியில்லை என்றார்கள் என்பது உறைக்குள். ஏழு மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 5-ல், மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சீலிட்ட உறை வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. எதிர்த்தரப்பு பார்க்க முடியாத காகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது இயற்கை நீதிக்கு விரோதம் என்றது. அந்தக் கண்டனம் அரசு கொடுத்த உறையைப் பற்றியது. கோர்ட் தானே நியமித்த நிபுணரின் உறை அங்கே பேசப்படவில்லை.

போன மாசியில் சித்தப்பா மகன் மறுபடி அளக்க மனுப் போட்டான். வழக்கெல்லாம் இல்லை, பாகப்பிரிவினைக்காக. நானும் போயிருந்தேன். இப்போது சங்கிலி கிடையாது. ஒரு இளம் சர்வேயர் மூன்று கால் கருவியோடு வந்தார். கருவியை நிறுத்துவதற்கு முன்னால், "சார், எந்தக் கல்லை வச்சு ஆரம்பிக்கப் போறீங்க?" என்றேன்.

அவர் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு கருவேலம் புதருக்குள் கையைக் காட்டினார். "அந்தப் பழைய கல்லுங்க. இந்தப் பக்கம் இருக்கறது நட்ட கல்லு, எஃப்.எம்.பி.யோட சேராது."

தம்பி புதரை வெட்டி விலக்கினான். கல்லோடு அவரையும் நிற்கவைத்து நான் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.